பழைய கணினியில் புது போனை இணைப்பது எப்படி: கேபிளில் தொடங்கி டிரைவர் வரை

பல வீடுகளில் பத்துப் பன்னிரண்டு வருடப் பழைய கணினி ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது. 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினியாக இருக்கலாம், அலுவலகத்தில் கழித்துப் போட்ட மேசைக் கணினியாகவும் இருக்கலாம். விண்டோஸ் 7 ஓடுகிறது, டைப் அடிக்கவும் பிரின்ட் எடுக்கவும் போதுமானதாக இருக்கிறது. கையில் இருக்கும் போன் மட்டும் புதிது. போன் நிறைந்துவிட்டது, படங்களைக் கணினிக்கு மாற்றலாம் என்று உட்கார்ந்தால் போனோடு வந்த கேபிளின் இரண்டு முனையும் டைப் சி. கணினியில் அந்த ஓட்டையே கிடையாது.

கேபிளின் முனை பொருந்தாததுதான் சிக்கல் என்று தோன்றும். அதைத் தீர்க்க ஒரு கேபிள் போதும். ஆனால் கேபிள் வாங்கிச் செருகிய பிறகும் ஒன்றும் நடக்காமல் பலர் திகைத்து நிற்கிறார்கள். போனிலிருந்து கணினிக்கு ஒரு படம் போய்ச் சேர நான்கு இடங்களைத் தாண்ட வேண்டும்: கணினியின் போர்ட் (கேபிள் செருகும் ஓட்டை), கேபிள், போனில் தரும் அனுமதி, போனோடு பேசக் கணினிக்கு உதவும் டிரைவர் என்ற சிறு மென்பொருள். சிக்கல் எங்கே என்று தெரியாமல் நான்கையும் ஒரே நேரத்தில் நோண்டினால் பொழுது போய்விடும். இதே வரிசையில் ஒவ்வொன்றாகப் பாருங்கள். எதையும் வாங்கும் முன் இதை ஒரு முறை படித்துவிடுங்கள்.

போர்ட்டைப் பாருங்கள்

தட்டையான செவ்வக ஓட்டைதான் யுஎஸ்பி ஏ. 1996-இல் யுஎஸ்பி வந்த நாளிலிருந்து அதன் வடிவம் மாறவில்லை. உங்கள் காரியம் நடப்பதற்குக் காரணமே அதுதான். புதிய போனும் பழைய போர்ட்டும் இணையும்போது, இரண்டுக்கும் தெரிந்த வேகம் எதுவோ அதற்கு இறங்கி வந்து பேசிக்கொள்ளும். அதனால் “இந்த போன் பழைய கணினியில் வேலை செய்யாது” என்று யாராவது சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். வேகம் குறையும், அவ்வளவுதான்.

எவ்வளவு குறையும் என்பதை ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் நாக்கு கறுப்பாகவோ வெள்ளையாகவோ இருந்தால் பெரும்பாலும் 2000-இல் வந்த யுஎஸ்பி 2.0. நீலமாக இருந்தால் 2008-இல் வந்த 3.0. சில நிறுவனங்கள் இந்த நிற வழக்கத்தைப் பின்பற்றுவதில்லை. அப்போது ஓட்டையின் பக்கத்தில் ‘எஸ்எஸ்’ என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அது 3.0. யுஎஸ்பி 2.0-வின் வேகம் காகிதத்தில் நொடிக்கு 480 மெகாபிட். நடைமுறையில் நொடிக்கு 30 எம்பி வந்தாலே நல்ல வேகம். 10 ஜிபி படங்களுக்குப் பத்து நிமிடம் முன்பின் ஆகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 2000-க்கு முந்தைய கணினி என்றால் அதில் இருப்பது 1.1, நொடிக்கு 12 மெகாபிட்தான். ஒரு ஜிபி போய்ச் சேரக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்தக் கணினிக்குக் கம்பியே வேண்டாம், கீழே வேறு வழி சொல்கிறேன்.

மேசைக் கணினியாக இருந்தால் பெட்டியின் முன்பக்க போர்ட்டை விட்டுவிட்டுப் பின்பக்க போர்ட்டில் செருகுங்கள். பின்பக்கத்தில் இருப்பவை மதர்போர்டிலேயே பதித்தவை. முன்பக்கத்தில் இருப்பவை மெல்லிய வயர் வழியாக வருபவை, வருடக்கணக்கில் பென் டிரைவ் செருகிச் செருகித் தளர்ந்தும் இருக்கும். ஒரு போர்ட்டைப் பலவாக்கித் தரும் யுஎஸ்பி ஹப் வழியாகவும் வேண்டாம். யுஎஸ்பி 2.0 போர்ட் தரக்கூடிய மின்சாரம் 500 மில்லியாம்பியர்தான். தனி மின்சாரம் இல்லாத ஹப் அதையும் பங்கு போட்டுவிடும். இதே காரணத்தால் இந்த போர்ட்டில் போன் சார்ஜ் ஏறுவது ஆமை வேகத்தில்தான் இருக்கும். திரை எரிந்துகொண்டே இருந்தால் சார்ஜ் இறங்கவும் செய்யலாம். எனவே பெரிய நகலெடுப்புக்கு உட்காரும் முன் போனைச் சுவர் பிளக்கில் நன்றாக சார்ஜ் போட்டுக்கொள்ளுங்கள்.

சரியான கேபிள் எது

வேண்டியது ஒரு முனை யுஎஸ்பி ஏ, மறு முனை டைப் சி உள்ள டேட்டா கேபிள். 2023-இல் வந்த ஐபோன் 15 முதல் ஐபோன்களுக்கும் இதே கேபிள்தான். அதற்கு முந்தைய ஐபோனுக்கு லைட்னிங் முனை வேண்டும்.

‘டேட்டா’ என்ற சொல்லைக் கடையில் அழுத்திச் சொல்லுங்கள். மலிவான கேபிள்கள் பலவற்றில் மின்சாரம் போகும் வயர்கள் மட்டுமே இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. யுஎஸ்பி ஏ முனையை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பாருங்கள். பொன்னிறத் தகடுகள் நான்கு வரிசையாக இருக்கும். ஓரத்தில் இருக்கும் இரண்டும் மின்சாரத்துக்கு, நடுவில் இருக்கும் இரண்டும் தகவலுக்கு. ஓரத் தகடுகள் சற்று நீளமாகவும் நடுத் தகடுகள் சற்று உள்வாங்கியும் இருப்பதைக் கவனிக்கலாம். செருகும்போது முதலில் மின்சாரம் தொடட்டும், பிறகு தகவல் போகட்டும் என்பதற்கான ஏற்பாடு அது. சில சார்ஜிங் கேபிள்களில் நடுத் தகடுகள் இரண்டும் இருக்கவே இருக்காது, அப்படியானால் பார்த்தவுடன் ஒதுக்கிவிடலாம். தகடு இருந்தும் உள்ளே வயர் இல்லாத கேபிளும் உண்டு. அதைச் செருகிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்: போனில் சார்ஜ் ஏறும், கணினியிலோ ஒரு சத்தமும் வராது, ஒரு செய்தியும் வராது.

ரொம்ப மலிவான கேபிளைத் தவிர்க்க இன்னொரு காரணமும் உண்டு. ஏ-யிலிருந்து சி-க்குப் போகும் கேபிளின் சி முனைக்குள் 56 கிலோ ஓம் மின்தடை ஒன்று இருக்க வேண்டும். “எதிரில் இருப்பது பழைய போர்ட், அளவாக எடுத்துக்கொள்” என்று போனுக்குச் சொல்வது அதுதான். தவறான மின்தடை வைத்த கேபிள், எதிரில் 3 ஆம்பியர் கிடைக்கும் என்று போனிடம் சொல்லிவிடும். பழைய போர்ட்டிடம் அவ்வளவு கேட்டால் அது தாங்காது. கூகுளில் பொறியாளராக இருந்த பென்சன் லியுங் 2015-இல் சந்தையில் விற்கும் சி கேபிள்களை வாங்கிச் சோதித்து எழுதத் தொடங்கியது இதற்காகத்தான். அப்படிச் சோதிக்கும்போது, வயர்களை இடம் மாற்றி இணைத்திருந்த ஒரு கேபிள் அவருடைய லேப்டாப்பையே கெடுத்துவிட்டது. நடைபாதையில் குவித்து விற்கும் கேபிளைவிட, பெயர் தெரிந்த நிறுவனத்தின் ஒரு மீட்டர் கேபிளுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது நல்லது. மூன்று மீட்டர் நீளமெல்லாம் இந்த வேலைக்குத் தேவையில்லை.

கையில் இருக்கும் சி-க்கு-சி கேபிளின் ஒரு முனையில் மாட்ட, விரல் நுனி அளவில் ஒரு கன்வெர்ட்டர் கிடைக்கும். அவசரத்துக்கு அது வேலை செய்யும். ஆனால் சி ஓட்டையும் ஏ முனையும் உள்ள அந்த வகைக் கன்வெர்ட்டருக்கு யுஎஸ்பி தரவிதிகளில் இடமே இல்லை. அதோடு, பழைய லேப்டாப்பின் தளர்ந்த போர்ட்டில் நீட்டிக்கொண்டு ஆடும். நிரந்தரமாக வைத்துக்கொள்ள நேரடிக் கேபிளே மேல்.

போனிடம் அனுமதி வாங்குங்கள்

“கேபிள் சரியில்லை” என்று கடைக்குத் திருப்பி எடுத்துப் போகிறவர்களில் பலர் உண்மையில் தடுக்கி நிற்பது இந்த இடத்தில்தான். இப்போதைய ஆண்ட்ராய்டு போன்கள் எந்தக் கணினியில் செருகினாலும் முதலில் சார்ஜ் மட்டுமே எடுக்கும். யாரோ ஒருவரின் கணினியில் சார்ஜ் போட்டால் உங்கள் படங்கள் தானாகத் திறந்துவிடக் கூடாது என்ற நல்ல எண்ணம். ஆனால் இதை போன் தெளிவாகச் சொல்லித் தருவதில்லை.

செய்ய வேண்டியது இது. கேபிளைச் செருகியபின் போனின் பூட்டைத் திறங்கள். திரையின் மேலிருந்து கீழே இழுத்து அறிவிப்புகளைப் பாருங்கள். ‘சார்ஜிங் திஸ் டிவைஸ் வயா யுஎஸ்பி’ என்பதுபோல் ஒரு வரி இருக்கும். எழுத்து சிறியதாகவும் மங்கலாகவும், எல்லா அறிவிப்புகளுக்கும் அடியிலும் இருக்கும், பொறுமையாகத் தேடுங்கள். அதைத் தொட்டால் ஒரு பட்டியல் வரும். அதில் ‘ஃபைல் டிரான்ஸ்ஃபர்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். போனுக்குப் போன் பெயர் கொஞ்சம் மாறும். சில போன்களில் இதை ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டியிருக்கும். இந்த வரியே வரவில்லை என்றால் கேபிள் டேட்டா கேபிள் இல்லை என்று பெரும்பாலும் முடிவுகட்டிவிடலாம்.

ஐபோனில் பட்டியல் எதுவும் வராது. பூட்டைத் திறந்ததும் ‘இந்தக் கணினியை நம்பலாமா’ என்று ஆங்கிலத்தில் கேட்கும். ‘டிரஸ்ட்’ என்பதைத் தொட்டு, கடவுஎண்ணை அடியுங்கள். கவனிக்காமல் ‘டோன்ட் டிரஸ்ட்’ என்பதைத் தொட்டுவிட்டால் கேபிளைக் கழற்றி மீண்டும் செருகுங்கள், திரும்பக் கேட்கும்.

கணினி போனை அடையாளம் காண வேண்டும்

விண்டோஸ் 7-இல் முதல் முறை செருகும்போது வலது கீழ் மூலையில் டிரைவர் ஏறுகிறது என்று ஒரு குமிழ் வரும். பழைய கணினி, இரண்டு மூன்று நிமிடம்கூட எடுக்கும். அவசரப்பட்டுக் கேபிளைப் பிடுங்காதீர்கள். முடிந்ததும் ‘கம்ப்யூட்டர்’ என்பதைத் திறந்தால் உங்கள் போனின் பெயர் தெரியும். பென் டிரைவைப்போல ஒரு டிரைவ் எழுத்து வராது, ஏனென்றால் போன் இங்கே எம்டிபி என்ற வேறு முறையில் பேசுகிறது. பெயருக்குள் போய் ‘இன்டர்னல் ஸ்டோரேஜ்’ திறந்து, ‘டிசிஐஎம்’ என்ற ஃபோல்டருக்குள் ‘கேமரா’வைத் திறந்தால் படங்கள் இருக்கும்.

பெயர் தெரிந்து உள்ளே எல்லாம் காலியாக இருந்தால், போன் பூட்டியிருக்கிறது அல்லது ‘ஃபைல் டிரான்ஸ்ஃபர்’ தேர்வாகவில்லை. முந்தைய படிக்குத் திரும்புங்கள்.

பெயரே தெரியவில்லை, ஆனால் செருகும்போது ‘டிங்’ என்ற சத்தம் மட்டும் வருகிறது என்றால் டிரைவர் தகராறு. ‘கம்ப்யூட்டர்’ மீது வலது கிளிக் செய்து ‘மேனேஜ்’, அதில் ‘டிவைஸ் மேனேஜர்’. மஞ்சள் ஆச்சரியக்குறியோடு உங்கள் போனின் பெயரோ ‘எம்டிபி’ என்றோ ஒரு வரி இருக்கும். அதில் வலது கிளிக் செய்து ‘அப்டேட் டிரைவர்’. இணையத்தில் தேடவா என்று கேட்டால் வேண்டாம், ‘பிரவுஸ் மை கம்ப்யூட்டர்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, அடுத்த பக்கத்தில் கணினியில் ஏற்கெனவே இருக்கும் டிரைவர் பட்டியலிலிருந்து எடுக்கிறேன் என்ற கடைசி வரியைத் தொடுங்கள். வரும் பட்டியலில் ‘எம்டிபி யுஎஸ்பி டிவைஸ்’ என்பதைத் தேர்வு செய்து ‘நெக்ஸ்ட்’. தேவையான டிரைவர் விண்டோஸ் 7-க்குள்ளேயே இருக்கிறது. ‘டிரைவர் பேக்’, ‘டிரைவர் அப்டேட்டர்’ என்று இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவற்றை இறக்கிப் போடாதீர்கள். டிரைவரோடு வேண்டாத விருந்தாளிகளும் சேர்ந்து வருவார்கள்.

ஐபோனில் படங்கள் மட்டும் போதும் என்றால் ஆப்பிளின் ஐடியூன்ஸ் மென்பொருள் பெரும்பாலும் தேவையில்லை, கணினி அதை ஒரு கேமராவாகக் காட்டும். முழு பேக்கப் எடுக்கத்தான் ஐடியூன்ஸ் வேண்டும். விண்டோஸ் 7-க்கான ஐடியூன்ஸ் 12.10.11 பதிப்போடு நின்றுவிட்டதால், புது ஐபோனின் பேக்கப்புக்கு அந்தக் கணினியை நம்பாமல் இருப்பது நல்லது.

லினக்ஸ் போட்ட பழைய கணினி என்றால் இந்தத் தலைவலி குறைவு. ஃபைல் மேனேஜரின் இடது பக்கத்தில் போன் தானாகத் தெரியும். ஆப்பிள் மேக் ஆண்ட்ராய்டு போனைத் தானாகக் காட்டாது, ஓபன் எம்டிபி போன்ற இலவச மென்பொருள் ஒன்றை ஏற்ற வேண்டும்.

நகலெடுக்கும்போது

இணைப்பு கிடைத்துவிட்டது. இனிமேல்தான் பொறுமை வேண்டும். எட்டாயிரம் படங்களையும் ஒரே மூச்சில் தேர்ந்தெடுத்து இழுத்துப் போடாதீர்கள். பழைய கணினியும் எம்டிபியும் சேர்ந்தால் பட்டியல் போடுவதற்கே மூச்சு வாங்கும், பாதியில் நின்றால் எது வந்தது எது வரவில்லை என்று தெரியாது. இருநூறு முந்நூறாக, மாதவாரியாக ஒரு ஃபோல்டர் போட்டு எடுங்கள். ‘கட்’ வேண்டாம், ‘காப்பி’ மட்டும். கணினியில் போய்ச் சேர்ந்த படங்களின் எண்ணிக்கையைச் சரிபார்த்து, நடுவிலிருந்து நாலைந்தைத் திறந்தும் பார்த்தபிறகு போனில் அழியுங்கள்.

வாட்ஸப் படங்களைக் காணவில்லை என்று பலர் தேடுவார்கள். இப்போதைய ஆண்ட்ராய்டில் அவை ‘ஆண்ட்ராய்டு’ ஃபோல்டருக்குள் ‘மீடியா’, அதற்குள் ‘காம் டாட் வாட்ஸப்’, அதற்குள் ‘வாட்ஸப்’, மறுபடி ‘மீடியா’ என்று ஐந்தடுக்கு ஆழத்தில் கிடக்கும்.

ஐபோன்காரர்களுக்கு இரண்டு விஷயம். 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐபோன் படங்களை ‘ஹெய்க்’ என்ற வடிவத்தில் சேமிக்கிறது. விண்டோஸ் 7 அதைத் திறக்காது. செட்டிங்ஸில் ‘போட்டோஸ்’ பகுதியின் அடியில் ‘டிரான்ஸ்ஃபர் டு மேக் ஆர் பிசி’ என்று இருக்கும். (புதிய பதிப்புகளில் ‘போட்டோஸ்’ என்பதே ‘ஆப்ஸ்’ பட்டியலுக்குள் போய்விட்டது.) அதில் ‘ஆட்டோமேட்டிக்’ வைத்தால் நகலெடுக்கும்போதே ஜேபெக்காக மாற்றித் தரும். ஆனால் இந்த மாற்றும் வேலையின் நடுவில் மூச்சுத் திணறி, ‘சாதனம் இயங்கவில்லை’ என்ற பொருளில் ஆங்கிலப் பிழைச்செய்தி வந்து நகலெடுப்பு நின்றுபோவதும் உண்டு. அப்படி வந்தால் ‘கீப் ஒரிஜினல்ஸ்’ என்று மாற்றி எடுத்துவிட்டு, வடிவத்தைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். இனி எடுக்கப்போகும் படங்களுக்கு ‘கேமரா’, ‘ஃபார்மேட்ஸ்’ போய் ‘மோஸ்ட் கம்பேட்டிபிள்’ என்று வைத்துவிட்டால் இந்தத் தொல்லையே இருக்காது. இரண்டாவது, ஐகிளவுட் போட்டோஸில் இடத்தை மிச்சம் பிடிக்கும் வசதி ஓடிக்கொண்டிருந்தால் பழைய படங்களின் மூலப்பிரதி போனிலேயே இருக்காது, எனவே கம்பி வழியாகவும் வராது.

கம்பி ஒத்துவராவிட்டால்

என்னைக் கேட்டால், பழைய கணினிக்குப் பல நேரம் இதுதான் முதல் வழியாகவே இருக்க வேண்டும்: ஒரு முனை டைப் சி, மறு முனை யுஎஸ்பி ஏ உள்ள ஓடிஜி பென் டிரைவ். போனில் செருகி, போனின் ஃபைல் மேனேஜரிலேயே படங்களை அதற்கு நகலெடுத்து, கழற்றிக் கணினியில் செருகினால் முடிந்தது. டிரைவர், அனுமதி, எம்டிபி எதுவும் குறுக்கே வராது. டைப் சி ஐபோனிலும் ‘ஃபைல்ஸ்’ ஆப் வழியாக இதைச் செய்யலாம். சில ஆண்ட்ராய்டு போன்களில் செட்டிங்ஸில் ‘ஓடிஜி’ என்று தேடி அதை ஆன் செய்ய வேண்டியிருக்கும்.

பென் டிரைவின் ஃபார்மேட் ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஃபேட்32 எந்தக் கணினியிலும் திறக்கும், ஆனால் 4 ஜிபிக்கு மேல் உள்ள ஒற்றை ஃபைலை ஏற்காது. ஐபோனில் ‘மோஸ்ட் கம்பேட்டிபிள்’ முறையில் 4கே வீடியோ நிமிடத்துக்கு 350 எம்பி பக்கம் போகும். கல்யாண வீடியோ ஒன்று பன்னிரண்டு நிமிடத்தைத் தாண்டினாலே அந்த எல்லை வந்துவிடும். எக்ஸ்ஃபேட் என்றால் அந்தத் தடை இல்லை, விண்டோஸ் 7-ம் அதைப் படிக்கும். விண்டோஸ் எக்ஸ்பி அப்டேட் இல்லாமல் படிக்காது. முன்பு சொன்ன யுஎஸ்பி 1.1 கணினிக்கு, முடிந்தால் அதன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டி நகலெடுப்பதே வேகமான வழி.

வைஃபை வழியாகவும் அனுப்பலாம். பல போன்களின் ஃபைல் மேனேஜரில் ‘எஃப்டிபி’ என்ற வசதி இருக்கும். அதை ஆன் செய்தால் எண்களாலான ஒரு முகவரி காட்டும். கணினியில் எந்த ஃபோல்டரையாவது திறந்து மேலே உள்ள முகவரிப் பட்டையில் அதை அப்படியே அடித்தால் போனின் ஃபைல்கள் திறக்கும். இரண்டும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். எஃப்டிபியில் தகவல் பூட்டில்லாமல் போவதால் வீட்டு வைஃபையில் மட்டும் செய்யுங்கள், முடிந்ததும் அணைத்துவிடுங்கள்.

போனின் ஹாட்ஸ்பாட்டையே பயன்படுத்த நினைப்பவர்களுக்கு ஒரு பொதுவான தடங்கல் வரும். அண்டை வீட்டு வைஃபை எல்லாம் லேப்டாப்பில் தெரியும், கையிலிருக்கும் போனின் ஹாட்ஸ்பாட் மட்டும் தெரியாது. காரணம், புது போன் 5 கிகாஹெர்ட்ஸில் பேசுகிறது, பழைய லேப்டாப்களில் பலவற்றுக்கு 2.4 மட்டுமே கேட்கும். ஹாட்ஸ்பாட் செட்டிங்ஸில் 2.4 என்று மாற்றுங்கள். ஐபோனில் ‘மேக்ஸிமைஸ் கம்பேட்டிபிலிட்டி’ என்பதை ஆன் செய்தால் போதும். பெயர் தெரிந்தும் இணைய மறுத்தால் பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ3-இலிருந்து டபிள்யூபிஏ2-க்கு மாற்றிப் பாருங்கள். ப்ளூடூத்தை ஒன்றிரண்டு படங்களுக்கு மேல் நம்ப வேண்டாம்.

அதே கேபிளில் இணையம்

மேசைக் கணினியில் வைஃபை வசதியே இல்லையா? அதற்கென்று தனியாக அடாப்டர் வாங்கும் முன், வாங்கி வைத்த டேட்டா கேபிளில் ஆண்ட்ராய்டு போனை இணைத்து, ‘ஹாட்ஸ்பாட் அண்ட் டெதரிங்’ பகுதியில் ‘யுஎஸ்பி டெதரிங்’ என்பதை ஆன் செய்து பாருங்கள். விண்டோஸ் 7 ஒரு நிமிடத்தில் டிரைவரை ஏற்றிக்கொண்டு இணையத்துக்குப் போய்விடும். கேபிளைச் செருகாதவரை அந்தச் சுவிட்ச் மங்கலாகத்தான் இருக்கும், அதைப் பார்த்து வசதி இல்லை என்று விட்டுவிடாதீர்கள். போன் வீட்டு வைஃபையில் இருந்தால் அந்த இணையம்தான் கணினிக்கும் போகும், உங்கள் டேட்டா பேக் கரையாது.

விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியோடு பாதுகாப்பு அப்டேட்களை நிறுத்திவிட்டது. குரோம் பிரவுசரும் அதற்கு 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. எனவே பிரின்ட் எடுக்க ஒரு விண்ணப்பத்தை இறக்குவது, பாடக் காணொளி பார்ப்பது என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கைத் திறக்கும் வேலையை போனிலேயே முடித்துவிடுங்கள். இறக்க வேண்டியதை இறக்கியதும் டெதரிங்கை அணைத்துவிட்டுக் கேபிளைக் கழற்றுங்கள்.